அச்சு நம் கையில் இருக்கட்டும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் உருவாகும் பொம்மைகளையும் அகல் விளக்குகளையும் வாங்கி மகிழும் நாம், அவற்றுக்கு உருக்கொடுக்கும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சைப் பற்றிச் சிந்திப்பதில்லை. ஆயினும் அவ்வச்சைச் செய்யத் தெரிந்தவர் ஊரில் இருக்கும் வரையில்தான், புதிய உருவம் ஒன்று வேண்டியிருக்கும்போது அயலாரை எதிர்பாராமல் தொழில் நடத்த முடியும். அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் தங்கள் ஆவணங்களை நம்பி ஒப்படைத்திருக்கும் வலையமைப்புச் சேமிப்பகக் கருவிகளை அமைக்கும் நிரலுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கணினி அறைகளில் ஸ்டோரேஜ் என்று வழங்கும் இக்கருவி, பல வட்டுகளைத் தன்னுள் அடக்கி, அவற்றை வால்யூம்களாகப் பகுத்து, எந்த சர்வர் எதைக் காணலாம், யார் எழுதலாம், எப்போதெல்லாம் நகல் எடுக்க வேண்டும் என்று நாம் வகுக்கும் விதிகளின்படி இயங்குவது. அவ்விதிகளை நிர்வாகி ஒருவர் திரையின் முன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி அமைத்துவிட்டு மாற்றலாகிச் சென்றால், அவர் எதை, ஏன் செய்தார் என்பதும் அவரோடு சென்றுவிடுகிறது. 1993-இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் தொடங்கிய சிஎஃப்என்ஜின், 2005-இல் வந்த பப்பெட், 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்ட ஆன்சிபிள் ஆகிய மென்பொருள்கள் இக்குறையைத் தீர்க்கப் பிறந்தவையே: இருக்க வேண்டிய நிலையை முதலில் ஏட்டில் எழுதிவிட வேண்டும், யந்திரத்தை அந்நிலைக்குக் கொண்டுவருவது நிரலின் கடமை.

சாதாரண சர்வருக்கு இவ்வேலை சுலபம். ஸ்டோரேஜ் கருவியோ பெரும்பாலும் தனக்கென ஓர் இயங்குதளத்தைக் கொண்டு, அந்நிய நிரலைத் தன்னுள் ஓடவிடாது. ஆகவே அதனை அமைக்கும் நிரற்பகுதியான மாட்யூல் வேறொரு யந்திரத்தில் இருந்துகொண்டு, பிற நிரல்களுக்கெனக் கருவி திறந்துவைத்திருக்கும் ஏபிஐ என்னும் இடைமுகத்தின் வாயிலாக அதனோடு பேச வேண்டியிருக்கிறது. பிரசித்தி பெற்ற கருவிகளுக்கு உற்பத்தியாளர்களே மாட்யூல்களை வழங்குகிறார்கள். மற்றவற்றுக்கும், நம் அலுவலகத்துக்கே உரிய பிரத்தியேக விதிகளுக்கும் நாமே எழுதிக்கொள்ள நேரிடுகிறது.

நல்ல மாட்யூலின் லட்சணம் யாதெனின், கருவியின் தற்போதைய நிலையை முதலில் கேட்டறிந்து, வேண்டிய நிலையோடு ஒப்பிட்டு, வேறுபட்டதை மாத்திரம் மாற்றி, மாற்றியதையும் மாற்றாததையும் உள்ளபடி அறிவிப்பதும், இடையில் நிலை மாறாதவரை எத்தனை முறை ஓட்டினும் இரண்டாம் முறை முதல் எதையும் தொடாதிருப்பதும் ஆகும். செய்யப்போவதைச் செய்யாமலே சொல்லிக்காட்டும் ஒத்திகை முறையும் அதற்கு அவசியம். இத்துறையில் பிழையின் விலை பெரிது. அழிந்த வால்யூம் நகல் இன்றி மீளாது என்பதால், அழிப்பதையும் அளவைக் குறைப்பதையும் வெளிப்படையான கட்டளை இன்றிச் செய்ய மறுக்குமாறு அதனை எழுத வேண்டும்.

விற்றவரே எல்லாம் செய்து தரட்டுமே என்பார் உண்டு. விற்றவரும் தம் வழியை மாற்றிக்கொள்வார் என்பதை அவர்கள் மறக்கலாகாது. ஸ்டோரேஜ் கருவிகளை விற்கும் நெட்ஆப் நிறுவனம், எக்ஸ்எம்எல் வழிப்பட்ட தன் பழைய ஏபிஐக்கு மாற்றாக ரெஸ்ட் முறை ஏபிஐயை 2019-இல் தன் ஆன்டேப் இயங்குதளத்தின் 9.6 பதிப்பில் கொண்டுவந்தது. இத்தகைய மாற்றம் வரும்போது, நிரலின் உட்பொருளை அறிந்த ஊழியர் உள்ள ஸ்தாபனம் தானே திருத்திக்கொள்ளும், அல்லாதது பிறர் தயவுக்குக் காத்திருக்கும்.

பீங்கான் வித்தையைக் கற்பிக்க விருத்தாசலத்தில் அரசு ஒரு கல்வி நிலையத்தை நடத்துவது எவ்வளவு பொருத்தமோ, பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு மாட்யூலை முழுமையாக எழுதப் பழக்குவதும் அவ்வளவு பொருத்தமானதே. அதனுடன் அரசு செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: மக்கள் பணத்தில் ஸ்டோரேஜ் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும், கருவியின் ஏபிஐ விவரம் முழுவதையும் தனிக்கட்டணம் இன்றி ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும், அதற்கு இணங்காத கருவி, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கத் தகாதது.