ஏற்றமும் வற்றமும்

சுங்கை புலோவுக்குப் போகலாமா என்று யாராவது கேட்டால், கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் நான் கடல் ஏறும் நேரத்தைத்தான் பார்ப்பேன். பறவை பார்க்க விடியற்காலைதான் நல்லது என்பார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் கரைப்பறவைகள் விஷயத்தில் சூரியனைவிடக் கடல் சொல்வதுதான் எடுபடும்.

நீர் வற்றியிருக்கும்போது அவை மண்டாய் சேற்றுத்திடலில் பரவி நின்று புழு, நண்டு தேடும். கடல் ஏறினால் அந்தத் திடல் மூழ்கிவிடும். கால் ஊன்ற இடமில்லாமல் கூட்டம் கூட்டமாக சுங்கை புலோவின் குட்டைகளுக்கு வந்து, ஒற்றைக் காலில் நின்றபடி உறங்கும். ஒரு காலத்தில் இறாலும் மீனும் வளர்த்த குட்டைகள் இவை. வெளியே கடல் ஏறியிருக்கும் நேரத்தில் உள்ளே சேறு தெரிய வேண்டும் என்பதற்காக, இன்று மதகு வைத்து நீரைக் கட்டுப்படுத்துகிறார்கள். இறால் பண்ணைக்காரர்களின் உத்திதான், இப்போது பறவைக்குப் பயன்படுகிறது.

1986ல் பறவை ஆர்வலர்கள் சிலர் இந்த இடத்தின் அருமையைக் கண்டு, காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1993ல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002ல் 130 ஹெக்டர் பரப்பு சட்டப்படி இயற்கை வனப்பகுதியானது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 925ஆம் எண் பேருந்து. தண்ணீர் போத்தலும் கொசுத் தைலமும் அவசியம். முதலை உண்டு, உண்மையான உப்புநீர் முதலை. பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கடந்த நவம்பரில் அக்கா மகனை அழைத்துச் சென்றேன். புதிதாக 400 மிமீ லென்ஸ் வாங்கியிருந்தான். முதல் மாதச் சம்பளத்தில் பாதி அதற்கே போயிருக்கும். அக்காவுக்கு இன்னும் முழு விலை தெரியாது. நாங்கள் மறைவிடத்துக்குள் நுழைந்தபோது கடல் நன்றாக ஏறியிருந்தது. குட்டையின் நடுவே, சேற்றுத் திட்டில் பவளக்கால் உள்ளான்கள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்தில் வளைந்த அலகோடு சின்னக் கோட்டான்கள். எல்லாம் தூக்கத்தில்.

“என்ன மாமா, ஒன்றுகூட அசையவில்லையே” என்றான். அவனுக்குப் பறக்கும் படம் வேண்டும். அவனுக்கு மட்டுமா? எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒருவர் பெரிய கேமராவைத் தாங்கியில் பொருத்திவிட்டு, சட்டென்று எழுந்து பலமாகக் கைதட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. திட்டு முழுவதும் காலியானது. கேமராக்கள் படபடத்தன. அக்கா மகனின் விரலும் பொத்தானில்தான் இருந்தது.

அந்தப் பறவைகள் எங்கே போகும்? மண்டாயில் நீர் இன்னும் வடியவில்லை. வானில் இரண்டு வட்டம் அடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதே திட்டுக்குத் திரும்பின. சின்னக் கோட்டான் சைபீரியாவிலிருந்து வருவது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில், இங்கு வரும் பவளக்கால் உள்ளான் திபெத்தியப் பீடபூமி வரை போவது தெரிய வந்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் பறப்பதற்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். நம் ஒரு படத்துக்காக அவை வானில் அடிக்கும் ஒவ்வொரு வட்டமும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் கழியும்.

அந்த மனிதர் மறுபடியும் கையை உயர்த்தினார். நான் எழுந்து போய், நீர் வடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, பிறகு அவையே பறக்கும், அதுவரை விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். தனக்கு அவ்வளவு நேரமில்லை என்றார். அப்படியானால் இன்று உங்களுக்கு உறங்கும் படம்தான் என்றேன். முகம் சுருங்கியது. அருகில் இருந்த வயதான சீனத் தம்பதி ஒன்றும் பேசாமல் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கேமராவை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

வனவிலங்குக்கு உணவு போட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் என்பது இப்போது பலருக்குத் தெரியும். கைதட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் எனக்கு அதே ரகம்தான்.

அக்கா மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் தட்டியபோது எடுத்த படங்களை என்ன செய்வது மாமா?” என்றான். உன் படம், உன் விருப்பம் என்றேன். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் மீன்கொத்தி ஒன்று கம்பத்தில் வந்து அமர்ந்தது. நீர்நாய்க் குடும்பம் ஒன்று மதகருகே மீனைப் பிய்த்துத் தின்றது. பதினொரு மணிக்கு மேல் குட்டையின் ஓரத்தில் இரண்டு உள்ளான்கள் கண் விழித்துச் சிறகைச் சோம்பல் முறித்தன. அடுத்து நான்கு. பிறகு யாரும் விரட்டாமல் மொத்தக் கூட்டமும் தாழ்வாக எழும்பி, எங்கள் முன்னால் திரும்பி, மண்டாய் பக்கம் போனது. சிறகின் வெள்ளை விளிம்பு வரை படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் அதை அக்காவுக்குக் காட்டி, லென்ஸின் விலையைச் சொல்லப் போவதாகச் சொன்னான்.