வண்டிப் பேட்டையும் ஐந்து ரூபாயும்

கரிசல் சீமையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போக முடியாது. நிறுத்தினால் எடுக்க முடியாது. சக்கரத்தில் அப்பிய மண் சக்கரத்தைக் காட்டிலும் கனத்துவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து நேயர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். 1876-இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி, 1891-இல் கோவில்பட்டியில் நூல் ஆலையும் ஏற்பட்ட பிற்பாடு, பருத்தி ஏற்றி வந்த வண்டிகள் ஊருக்குள் எங்காவது நின்றாக வேண்டியிருந்தது. மாடுகளை அவிழ்த்துக் கட்ட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். வண்டிக்காரர் நுகத்தடியில் தலை வைத்து ஒரு தூக்கம் போட வேண்டும். இந்த அவசியத்துக்காகத்தான் நம் ஊர்களில் வண்டிப் பேட்டைகள் இருந்தன.

பேட்டைக்குக் கூலி உண்டு. கூலி இருந்தால் தகராறும் உண்டல்லவா? ஆகவே 1920-ஆம் வருஷத்து நகரசபைச் சட்டத்தில் இதற்கென்றே சில பிரிவுகள் எழுதி வைத்திருந்தார்கள். நகரசபை பேட்டை அமைத்துக் கட்டணம் வாங்கலாம். தனி மனிதர் பேட்டை நடத்த வேண்டுமானால் நகரசபையிடம் லைஸென்ஸ் பெற வேண்டும். தெருவோரத்தைப் பேட்டையாக உபயோகிக்க வேண்டாமென்று நகரசபை தடுக்கலாம். ‘வண்டிப் பேட்டை’ என்ற சொல் மோட்டார் நிற்கும் இடத்தையும் குறிக்கும் என்று அதில் ஒரு விளக்கமும் இருந்தது. மாட்டுக்கும் மோட்டாருக்கும் சட்டத்தின் கண்ணில் அவ்வளவு வித்தியாசமில்லை! அந்தச் சட்டம் இப்போது இல்லை. 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023-இல் அமலுக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பழைய சட்டத்தின் அடியிலிருந்த கேள்வி இன்றைக்கும் கேட்கத் தக்கதே: “ஐயா, காசு வாங்குகிறீரே, வாங்குவதற்கு உமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? எவ்வளவு வாங்கச் சொன்னார்?”

இந்தக் கேள்வியை இன்று கேட்க வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டை ஒட்டியுள்ள ஸைக்கிள் ஸ்டாண்டு. பெயர்தான் ஸைக்கிள் ஸ்டாண்டு. உள்ளே நிற்பவை எல்லாம் மோட்டார் ஸைக்கிள்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வண்டியில் வந்து, அதை இங்கே விட்டுவிட்டு, திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். ஆசிரியைகள், கல்லூரிப் பெண்கள், கடைச் சிப்பந்திகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வயோதிகர்கள். எல்லாருக்கும் அவசரம். பஸ் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. அந்த அவசரத்திலேதான் வியாபாரம் நடக்கிறது.

பலகையில் 10 ரூபாய் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் 15 ரூபாய் கேட்கிறான்.

“ஏம்ப்பா, போர்டுல பத்துன்னுதான போட்டிருக்கு?”

“அது பழைய போர்டு அண்ணாச்சி. பெயிண்டர் வரல.”

பெயிண்டர் வருஷக் கணக்காக வராமலே இருப்பார். அண்ணாச்சியும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஐந்து ரூபாய் என்ன பிரமாதம்? மாதத்தில் 25 நாள் வருகிறவருக்கு வருஷத்தில் 1,500 ரூபாய். நாளொன்றுக்கு 300 வண்டி நிற்கிற ஸ்டாண்டில், ஒரே நாளில் அதே 1,500 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண்பிள்ளைக்கு இந்தத் தொகை சம்பளத்தில் எத்தனை நாள் என்று நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பையனைக் கோபிப்பதில் பயனில்லை என்பது நமது அபிப்பிராயம். நகரசபை ஸ்டாண்டைத் தானே நடத்துவதில்லை. ஏலம் விடுகிறது. ஏலத்தில் போட்டி வலுத்தால் குத்தகைத் தொகை ஏறுகிறது. தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு வருகிற குத்தகைதாரர், குறித்த கட்டணத்தை மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று கண்டுகொள்கிறார். அல்லது ஏலம் கேட்கும்போதே கண்டுகொண்டிருக்கிறார். பையனோ தினக்கூலி. ஆனால் குத்தகைதாரரின் நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டியவர் வண்டிக்காரர் அல்லர். குத்தகைதாரர் நகரசபையின் ஸ்தானத்தில் நின்று வசூல் செய்கிறவர். நகரசபை வகுத்த கட்டணத்துக்கு மேல் ஒரு காசு வாங்கவும் அவருக்கு உரிமை இல்லை.

தகராறு செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுச் சீட்டை வாங்கிக் கொள்ளுங்கள். சீட்டில்லாமல் கொடுத்த பணம் கிணற்றில் போட்ட கல்தான். சீட்டில் தொகை அச்சிடாமலிருந்தால், வாங்கிய தொகையை எழுதித் தரும்படி கேளுங்கள். பலகையையும் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இக்காலத்தில் கையில் காமிரா இல்லாதவர் யார்? கேட்டைத் தள்ளிக்கொண்டு போவது, பையனின் சட்டையைப் பிடிப்பது முதலிய வீரச் செயல்கள் வேண்டாம். ஐந்து ரூபாய் விவகாரம் அந்தக் கணமே அடிதடி விவகாரமாக மாறிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அங்கே போன பிறகு கட்டணப் பலகையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அப்புறம் செய்ய வேண்டியது பத்து ரூபாய்ச் செலவு. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் நகரசபைக்கு ஒரு மனு எழுதலாம். ஸ்டாண்டின் குத்தகை ஒப்பந்தத்தின் நகலும், கட்டணத்தை நிர்ணயித்த தீர்மானத்தின் நகலும் வேண்டுமென்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ரயில் நிலையத்து ஸ்டாண்டானால் மனு ரயில்வேக்குப் போகும். கட்டணம் அதே பத்து ரூபாய்தான். அந்த இரண்டு காகிதங்களும் கையில் வந்துவிட்டால், சீட்டையும் அவற்றையும் ஒன்றாக வைத்துக் கமிஷனருக்கு எழுதலாம். பெயிண்டர் மறுநாளே வந்தாலும் வரலாம்.

அப்படியும் வராவிட்டால், தூத்துக்குடியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாத விவகாரத்துக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

இது சர்க்கார் இடத்து விவகாரம். முழுக்கத் தனியார் இடமாகிய பேரங்காடி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் இவற்றின் சங்கதி வேறு. கட்டடம் கட்ட அனுமதி கேட்கும்போது வண்டி நிறுத்த இவ்வளவு இடம் விடுகிறோம் என்று வரைபடத்தில் காட்டித்தான் அனுமதி வாங்குகிறார்கள். அப்படி விட்ட இடத்துக்கே பிறகு வாடகை கேட்கலாமா என்பது கேள்வி. கூடாது என்று 2019-இல் குஜராத் உயர்நீதிமன்றம் சொல்லிற்று. தெலுங்கானா சர்க்கார் 2018-இல் நடுவழி ஒன்று கண்டது: முதல் அரைமணிக்குக் கட்டணமில்லை, ஒரு மணி வரையில், ஏதாவது வாங்கிய பில்லைக் காட்டினால் கட்டணமில்லை. கேரளத்திலோ, கட்டடத்துக்கு உரியவர் முறைப்படி லைஸென்ஸ் பெற்றுக் கட்டணம் வாங்கலாம் என்பது 2025-இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் கூறிய முடிவு. நம் மாகாணத்தில் ஒருவர் 2023-இல் சென்னைப் பேரங்காடி ஒன்றில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாக மோட்டார் ஸைக்கிளை நிறுத்தி 80 ரூபாய் கொடுத்தார். திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அவருக்கு நஷ்டஈடும் செலவுமாக 12,000 ரூபாய் தரச் சொல்லிற்று. ஆகவே “தனியார் கட்டணம் அனைத்துமே சட்ட விரோதம்” என்று சிலர் திண்ணையில் அடித்துப் பேசுவதை நம்பி வழக்காட வேண்டாம். ஊருக்கு ஊர், விதிக்கு விதி மாறுகிறது. மேல் கோர்ட்டில் இன்னும் மாறலாம்.

இரண்டு பலகைகளைப் பற்றி மட்டும் நாம் தைரியமாகச் சொல்லலாம். ஒன்று, “டோக்கன் தொலைந்தால் 200 ரூபாய் அபராதம்” என்பது. அபராதம் விதிப்பது சர்க்காரின் வேலை. ஸ்டாண்டுக்காரரின் வேலை அல்ல. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, முன்கூட்டி எழுதி வைத்த தண்டத் தொகை உச்சவரம்புதான். அதற்குள்ளே நியாயமான நஷ்டஈடு எதுவோ அதைத்தான் கோர்ட்டு கொடுக்கும். இன்னொன்று, “வண்டி உரிமையாளர் பொறுப்பில்” என்பது. டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் 1998-இல், சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்து விட்டுச் சென்ற கார் களவு போயிற்று. இத்தகைய வாசகம் சீட்டில் அச்சிட்டிருந்தும், தன் காவலில் எடுத்துக்கொண்ட வண்டிக்கு ஹோட்டல் பொறுப்பாளிதான் என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்ததா, வெறும் இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்ததா என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

இனி, கோர்ட்டுக்குப் பயப்படுவதைப் பற்றி. நம்மவர்களில் இரண்டு தினுசு உண்டு. வக்கீல் நோட்டீஸ் என்றாலே காய்ச்சல் கண்டு படுத்துவிடுகிறவர்கள் ஒரு தினுசு. கோர்ட்டு சம்மனையே மளிகைக் கடைச் சிட்டையோடு கம்பியில் குத்தி வைத்துவிடுகிறவர்கள் மற்றொரு தினுசு. இரண்டாவது தினுசுக்குத்தான் அபாயம் அதிகம். வக்கீல் நோட்டீஸ் ஒரு கடிதம். அதற்குக் கடிதத்தால் பதில் சொல்லலாம். சம்மன் அப்படியல்ல. சேர்ந்த 30 நாளில் எதிர்வாதப் பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும்; கோர்ட்டு தயை காட்டினால் 90 நாள் வரையில். நாம் போகாவிட்டால் எதிராளி சொன்னதே நின்று எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். அதை ரத்து செய்ய மறுபடி மனு, மறுபடி செலவு. ஐந்து ரூபாய்க்கு எந்த ஸ்டாண்டுக்காரரும் முன்சீப் கோர்ட்டுக்குப் போக மாட்டார் என்பது உண்மையே. ஆனால் மாதக் கணக்கில் கார் நிறுத்தி வாடகை பாக்கி வைத்தவர் மேல் போகலாம். போலீஸார் நோ-பார்க்கிங் இடத்துக்காக அனுப்புகிற சலானும் இதில் சேர்ந்ததல்ல. அது சர்க்கார் அபராதம், தனியார் சீட்டென்று எண்ணிக் கிழித்துப் போடக் கூடாது.

இங்கிலாந்தில் இந்தக் கலை வெகு தூரம் வளர்ந்திருக்கிறது. கரிசல் சீமைப் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே உத்தியோகம் பார்ப்பதால், பெற்றோர் தெரிந்து கொள்வது நல்லது. அங்கே தனியார் நிலத்தில் நின்ற காரின் சக்கரத்தைப் பூட்டுவதை 2012-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். பதிலுக்கு, காரை ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், காரைத் தம் பெயரில் பதிந்து வைத்திருப்பவரிடமே பணம் கேட்கலாம் என்று கம்பெனிகளுக்கு வழி செய்து கொடுத்தார்கள். செம்ஸ்போர்டு நகரில் இரண்டு மணி நேரம் இலவசமான ஓர் இடத்தில் ஒருவர் 56 நிமிஷம் கூடுதலாக நிறுத்திவிட்டார். 85 பவுன் கேட்டார்கள். அவர் மறுத்து, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2015-இல் தோற்றார். நஷ்டத்துக்கு மிஞ்சிய தொகையானாலும், நிலத்துக்குரியவருக்கு நியாயமான நோக்கம் இருந்தது, அறிவிப்புப் பலகை பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது என்பது தீர்ப்பு. நம் 74-ஆம் பிரிவின் போக்கு வேறு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அங்கே கம்பெனியின் கடிதத்தை மறுத்து எழுதலாம், மேல்முறையீடு செய்யலாம். ஆனால் கௌண்டி கோர்ட்டின் காகிதம் வந்தால் 14 நாளில் பதில் போக வேண்டும். வாதாடுவதாகத் தெரிவித்தால் மொத்தம் 28 நாள். சும்மா இருந்தால் தீர்ப்பு ஆகி, ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால், 6 வருஷம் பதிவேட்டில் நிற்கும்; வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வீடு மாறிய பிள்ளைகள் காரின் பதிவு விலாசத்தை மாற்ற மறந்து, வழக்கு நடந்ததே தெரியாமல் தோற்றுப் போவதும் உண்டு.

சின்னத் தொகைக்கு வழக்காடுவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுகிறவர்களுக்கு மதுரா நகரத்து வக்கீல் ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். 1999-இல் ரயில் டிக்கெட்டு வாங்கினார். இரண்டு டிக்கெட்டுக்கு 70 ரூபாய். 90 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். அந்த 20 ரூபாய்க்காக நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நூறு தடவைக்கு மேல் வாய்தா. 2022-இல் ஜெயித்தார்: 20 ரூபாயும், அதற்கு வட்டியும், 15,000 ரூபாயும். அவருடைய குடும்பத்தார் வழக்கை விட்டுவிடும்படி பல தடவை சொல்லிப் பார்த்தார்களாம். கோவில்பட்டி அண்ணாச்சிகள் அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டிய காகிதம் நகரசபையின் பீரோவில்தான் இருக்கிறது. மனுவில் ஸ்டாண்டு இருக்கும் இடம், ஏல வருஷம், வண்டி வகை ஆகிய மூன்றையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ‘விவரம் போதாது’ என்று திரும்பி வந்துவிடும்.