ரேம் வாங்குமுன் வரியைப் பாருங்கள்

பெரிய கோப்பில் ஒரு சொல்லைத் தேடினால் மெமரி எல்லாம் தீர்ந்துபோகிறது, கிரெப் சரியில்லை என்று இளைஞர்கள் குறைப்படுகிறார்கள். "ரேமைக் கூட்டுங்கள்" என்று கடைக்காரரும் சொல்லிவிடுகிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

கிரெப் பிறந்ததே மெமரிப் பஞ்சத்தில்தான். பெல் ஆய்வகத்தில் லீ மக்மேன் என்பவர், அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-ல் எதை யார் எழுதியது என்று ஆராய விரும்பினார். பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்தது 64 கிலோபைட். 'எட்' எடிட்டரில் அந்தக் கட்டுரைகள் அடங்கவில்லை. கென் தாம்சன் அதன் தேடும் பகுதியைத் தனி நிரலாக்கிக் கொடுத்தார். 1973-ல் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது.

அதன் சூத்திரம் எளிது. ஒரு வரியைப் படி, பொருந்தினால் அச்சிடு, அடுத்த வரிக்குப் போ. கோப்பு 100 ஜிபி இருந்தாலும் கையில் ஒரு வரி இருந்தால் போதும். ஆனால் அந்த வரி முழுசாக இருக்க வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பல வருடக் கணக்கை ஜேசன் கோப்பாக ஒரே வரியில் கொட்டுகின்றன. வரியே 20 ஜிபி என்றால் கிரெப் என்ன செய்யும்? வட்டின் நகலில் தேடினாலும், சாதாரணக் கோப்பில் 'மைனஸ் இசட்' போட்டாலும் இதே கதைதான்.

மருந்து செலவில்லாதது. 'டிஆர்' கட்டளையால் காற்புள்ளிகளை வரிமுறிவாக மாற்றி, அதைக் கிரெப்புக்கு அனுப்புங்கள். ஆயிரக்கணக்கான சொற்களைப் பட்டியலாகக் கொடுத்துத் தேடுவதானால் பெரிய 'எஃப்' போடுங்கள். வெறும் சொற்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதற்கு? இன்னொன்று: கோப்பை மெமரி மேப் செய்து தேடும் கருவிகள் 'டாப்' திரையில் பல ஜிபி காட்டும். பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி, தேவைப்பட்டால் கர்னல் உடனே திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய இடம்.

கிரெப் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. "மெமரி தீர்ந்தது" என்பதோடு நிறுத்தாமல், "இந்த வரி மிக நீளம்" என்றும் சொல்லலாம். பாதிப் பேர் ரேம் கடைக்குப் போக மாட்டார்கள்.

ஆனாலும் பெரிய பொறுப்பு தரவை எழுதுகிறவர்களுக்கே. ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று எழுதினால், சின்னக் கடைக்காரர் தன் பத்து வருடக் கணக்கைப் பழைய கணினியிலேயே தேடி எடுப்பார். ஒரு பதிவுக்கு ஒரேயொரு பைட்தான் கூடுதல் செலவு.