இரண்டாம் முறை ஏன் கை நீட்டுவதில்லை?



இரத்த தான முகாம் என்றால் நம் கெடா தோட்டங்களில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ கட்டிலைப் போட்டு, மைக்கில் கூப்பிட்டால் போதும். இளைஞர்கள் கும்பலாக வந்து கையை நீட்டுகிறார்கள். படம் பிடித்துக்கொள்கிறார்கள், மீகூன் சாப்பிட்டு, மைலோ குடித்து, வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆட்களில் எத்தனை பேர் சில மாதம் கழித்து மறுபடியும் கொடுத்தார்கள் என்று எந்த ஏற்பாட்டுக் குழுவாவது கணக்கு எடுத்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. எத்தனை பை சேர்ந்தது என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

இரத்தத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தட்டணுக்கள் சுமார் 5 நாளில் வீணாகிவிடும். ஒரே ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் கொடுத்துவிட்டு அப்புறம் ஆறு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்காவிட்டால், சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையிலோ அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலோ படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த ஆறாம் மாதத்தில் என்ன பிரயோசனம்? தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் கடுமையாக உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். நோன்பு மாதமோ தீபாவளியோ சீனப் பெருநாளோ, அந்தப் பிள்ளைக்கு நாள் தள்ளிப் போட முடியாது. பிள்ளை பெற்ற தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல் போனால், மைக்கில் கூப்பிட்டு ஆள் சேர்க்கவும் நேரம் இருக்காது. பை முன்கூட்டியே அங்கே இருந்தாக வேண்டும்.

இன்னொன்று. திரும்பத் திரும்பக் கொடுப்பவரின் இரத்தம் ஒவ்வொரு முறையும் எய்ட்ஸ் கிருமி, மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய் என்று சோதிக்கப்படுகிறது. அதனால் அவரை மருத்துவமனை கூடுதலாக நம்புகிறது. காசு வாங்காமல், தானாக மனமுவந்து கொடுக்கும் முறையை எல்லா நாடுகளும் வளர்க்க வேண்டும் என்று உலக சுகாதார சபை 1975-இலேயே தீர்மானம் போட்டது. இந்தியாவில் காசுக்கு இரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புக் கொடுத்து, 1998 ஜனவரி முதல் தேதியோடு அது தடையாயிற்று.

சரி, நம்மவர்கள் ஏன் மறுபடி வருவதில்லை? கேட்டால் முதலில் வரும் பதில், “போன தடவ மயக்கம் வந்துருச்சு டிரெசர், வீட்டுல விடமாட்டேங்கறாங்க.” மயக்கம் வந்தது உண்மைதான். ஆனால் காரணம் வேறு. விடியுமுன் எழுந்து வெறும் தேத்தண்ணியோடு மரத்துக்குப் போய், வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, காய்ந்த வயிற்றோடு நேரே கட்டிலில் வந்து படுத்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? முதல் நாள் ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு, இரண்டு மங்கு தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் ஓய்ந்த பிறகு வாருங்கள். கொடுத்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அன்றைக்குச் செம்பனைக் குலை வெட்டுவதும் தூக்குவதும் வேண்டாம். இந்தச் சங்கதிகள் தெரியாமல் காலை பத்து மணிக்கு முகாம் வைக்கும் குழுவைத்தான் நான் குறை சொல்வேன், கொடுப்பவரை அல்ல. பால்வெட்டுத் தோட்டத்தில் முகாம் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வைக்க வேண்டும்.

“ஒடம்புல உள்ள சத்தெல்லாம் போயிரும்” என்பது பாட்டிமார் பேச்சு. பெரிய ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எடுப்பது எடைக்குத் தகுந்தபடி 350 அல்லது 450 மில்லி. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரம் பிடிக்கும். அதற்காகத்தான் இடைவெளி கொடுத்து அடுத்த தேதி சொல்கிறார்கள்.

தைப்பூசத்தில் நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே நடக்கிற தம்பி, நர்ஸ் ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சிரிப்பாக இருந்தாலும் அவனைக் கேலி செய்யக்கூடாது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் நெஞ்சு அறுவை சிகிச்சையின்போது பிறர் இரத்தத்தால் பிழைத்தவர். 1954-இல் கொடுக்கத் தொடங்கி, 2018-இல் நிறுத்தும்வரை 1,173 முறை கொடுத்தார். பெரும்பாலும் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி; அதை அடிக்கடி கொடுக்கலாம். அவருக்கும் ஊசி என்றால் ஆகாதாம். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். அவர் பிளாஸ்மாவிலிருந்து செய்த மருந்து, நெகட்டிவ் இரத்த வகைத் தாய்மாரின் சிசுக்களைக் காப்பாற்றியது. 2025-இல் 88 வயதில் காலமானார். (அலகு குத்தியிருந்தாலும் பச்சை குத்தியிருந்தாலும் நர்ஸிடம் மறைக்காதீர்கள். சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள்.)

நெகட்டிவ் என்றதும் ஒரு விஷயம். மலாய்க்காரர், சீனரைவிட நம் இந்தியரிடையே இந்த வகை அதிகம். இந்த நாட்டில் நெகட்டிவ் இரத்தம் அவசரமாகத் தேவைப்பட்டால் நம்மவர் கையைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். உங்கள் வகை நெகட்டிவ் என்று எழுதியிருந்தால் ஒரே தடவையோடு காணாமல் போய்விடாதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “இரத்தம் பத்தல, போயிட்டு வாங்கம்மா” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வெட்கப்பட்டு, அப்புறம் முகாம் பக்கமே வருவதில்லை. விரலில் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்தால் யாராக இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். அது அவமானம் இல்லையம்மா. உங்கள் உடம்பின் நிலையைக் காசில்லாமல் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்குக்கு வாருங்கள், ஏன் குறைந்தது என்று பார்ப்போம். தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை தருவோம். முருங்கைக்கீரை, ஈரல், கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரம் போகட்டும். சில மாதத்தில் அளவு ஏறிவிட்டால் அடுத்த முகாமில் கை நீட்டலாம்.

மற்றபடி பலர் வராததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். யாரும் மறுபடி கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கிளைச் செயலாளர்கள் இதைச் செய்யலாம்: முகாமில் கொடுத்தவரின் பெயரையும் நர்ஸ் சொன்ன அடுத்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி வந்ததும் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். தோட்டத்தை விட்டு டவுன் தாமானுக்குக் குடிபோனவர்களையும் விட்டுவிடாதீர்கள். பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் போதும். பெட்ரோல் காசைக் கிளை கொடுக்கட்டும்.