சாயங்கால மைதானம்

சாயங்காலம் மணி நாலரை. பையன் பள்ளிக்கூடப் பையை மூலையில் வீசிவிட்டுப் பந்தோடு ஓடுகிறான். நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை. பெண் செருப்பை மாட்டினால் மட்டும், "எங்கேடி கிளம்பிட்டே? கணக்குப் போட்டாச்சா?" என்று கேட்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சகோதரி! நம்மில் முக்கால்வாசி வீடுகளில் நடப்பதுதானே இது?

விளையாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று சக்களத்திகள் என்று நாமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் ஆர்தர் ஆஷ் என்று ஒரு டென்னிஸ் வீரர் இருந்தார். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பூங்காவைப் பராமரித்து வந்தவரின் பிள்ளை. 1968-ல் அமெரிக்க ஓபன் பட்டம் வென்றார். மறு வருஷமே நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, வசதியில்லாத பிள்ளைகளுக்காக ஓர் இயக்கம் தொடங்கினார். மட்டை பிடிக்கவும் கற்றுக்கொடுப்பார்கள், பாடத்திலும் கைகொடுப்பார்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இன்றும் அது நடக்கிறது.

"டென்னிஸ் மட்டை விற்கிற விலையில் நமக்கேன் அந்தப் பேச்சு?" என்கிறீர்களா? மட்டை வேண்டாம். ஓடுவதற்குக் கால் போதுமே! புதுக்கோட்டைக்கு வாருங்கள்.

அந்த மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். குடிசைக்கு வெளியே மண் தரையில் ஓடப் பழக்கியவர் அவருடைய தாத்தா. பேத்திக்குக் காலணி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஓட்டத்தில் கெட்டி என்று தெரிந்ததும் ஒரு பள்ளிக்கூடம் சம்பளம் கட்டி, சீருடையும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. மூன்று வேளை சாப்பாடு என்பதையே அந்தப் பெண் அப்போதுதான் கண்டாள். பிறகு கல்லூரிப் படிப்புக்கும் ஓட்டமே வழி செய்தது. விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

2006-ல் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம். ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கையில், பெண்தானா என்று ஒரு சோதனை வைத்துப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். உடம்பு பிறந்த விதத்துக்கு அவர் என்ன செய்வார்? இதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது. தமிழக அரசு கொடுத்த 15 லட்ச ரூபாயை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தப் பணத்தை அவர் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தர ஒரு பள்ளியே தொடங்கிவிட்டார். 2009-ல் அங்கே 68 பிள்ளைகள்! சென்னை மாரத்தானில் முதலிடமும் மூன்றாமிடமும் அவருடைய மாணவர்களுக்கே கிடைத்தன. ஆனால் தனி ஒருத்தியின் கைப்பணம் எத்தனை நாளைக்கு வரும்? 2012-ல் அவரே தினக்கூலிக்குச் செங்கல் சூளைக்குப் போக நேர்ந்தது. பிறகு பயிற்சியாளர் பட்டயம் பெற்று, 2016-ல் அரசுப் பயிற்சியாளராக நியமனமானார்.

அன்று அந்த ஊரில் பத்து வீட்டுப் பெண்கள் கைகோத்திருந்தால் என்று நினைத்துக்கொள்கிறேன். நம்மால் ஆகாத காரியமா? 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது, சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே?

உங்கள் தெருவில் படித்த நாலு பேர் சேர்ந்தால் போதும். ஐந்து மணிக்கு மைதானம், ஆறு மணிக்கு ஒருவர் வீட்டுத் திண்ணையில் பாடம். ஓடிவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் பசிக்கும். முதல் நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறப் போட்டுவிடுங்கள். பாவாடையோடு ஓடினால் கால் தடுக்கும், பெண்ணுக்கு அண்ணனுடைய பழைய கால்சராய் ஒன்றைப் பிடித்துத் தைத்துக் கொடுங்கள்.