தாமதத்திற்குத் தண்டனை

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஓவர்களைக் குறித்த காலத்தில் வீசி முடிக்காத கட்சிக்கு இப்போதுள்ள தண்டனை போதுமானதன்று என்பது நமது அபிப்பிராயம். 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து இந்தியாவை 22 ரன்னில் வென்றது. இரண்டு ஓவர் குறைவாக வீசியதற்காக அதன் ஆட்டக்காரர் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து அபராதமும், உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் இரண்டு புள்ளி இழப்பும் விதிக்கப்பட்டன. வெற்றியோ வெற்றியாகவே நின்றது.

நம்மவரும் குற்றமற்றவரல்லர். 2023 ஜூனில் ஓவல் மைதானத்து இறுதியாட்டத்தில் ஐந்து ஓவர் பின்தங்கிய இந்தியர், அவ்வாட்டத்துச் சம்பளம் முழுவதையும் இழந்தனர். பின்னர் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், ஓவருக்கு நூற்றுக்கு இருபது என்றிருந்த அபராதத்தை ஐந்தாகக் குறைத்து, பாதிச் சம்பளத்தைத் தாண்டலாகாதென வரம்பும் கட்டிற்று.

வரம்பு கட்டியதை நாம் குறை கூறவில்லை. ஆலைத் தொழிலாளியின் அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டலாகாதென்று 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் விதித்ததன்றோ? நமது கேள்வி வேறு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்துத் தொழிலாளி ஒருவன், ஒரு நாள் கூலியை விட்டுச் சேப்பாக்கம் சென்று, தொண்ணூறு ஓவர் காண்பதற்கென்று டிக்கெட் வாங்குகிறான். அரைமணி அதிகம் ஆடியும் ஓவர்கள் மிஞ்சி நின்றால், அவனுக்கு எவர் ஈடு செய்கின்றனர்? அபராதத்தால் அவனுக்கு ஒரு பந்தும் திரும்பி வருவதில்லை.

ஆட்டத்தில் நிகழும் குற்றத்திற்கு ஆட்டத்திலேயே தண்டனை வேண்டும். இருபது ஓவர் ஆட்டங்களில் 2022 ஜனவரி முதல், பின்தங்கிய கட்சி எல்லைக்கோட்டருகே ஓர் ஆளைக் குறைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. டெஸ்டிலும் 2025 முதல் ஓவருக்கும் ஓவருக்கும் இடையே அறுபது விநாடிக் கடிகாரம் வந்துவிட்டது; இரு எச்சரிக்கைகளுக்குப் பின் ஐந்து ரன் எதிர்க்கட்சிக்குப் போகும். இது நல்ல ஆரம்பம். ஆயினும் ஓவரினுள்ளே பந்துக்குப் பந்து நடக்கும் தாமதத்தை அக்கடிகாரம் அளப்பதில்லை.

காயம், நடுவர் தீர்ப்பு மறுபரிசீலனை முதலியவற்றால் தாமதம் நேருமே என்பர். அவற்றிற்கு நடுவர்கள் முன்னரே கழிவு கொடுத்தே கணக்கிடுகின்றனர். ஆகவே, ஒவ்வொரு நாள் முடிவிலும் குறைந்த ஓவருக்கு இத்தனை ரன் என்று எதிர்க்கட்சிக்கு வழங்கும்படி கவுன்சிலைக் கோருகிறோம். ரன்னை இழக்க நேருமாயின், எந்தத் தலைவனும் காலத்தை வீணாக்கத் துணியான். ஜனங்களும் கொடுத்த காசுக்கு முழு ஆட்டத்தைக் காண்பர்.