400 பேருக்குப் போன மெயில்... போக வேண்டியவருக்குப் போகவில்லை!

'உடனே அப்டேட் செய்யுங்கள்' என்ற ஓர் அறிவிப்பு சரியான ஆளிடம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? சுமார் 14.7 கோடி அமெரிக்கர்களின் தகவல்கள் திருடுபோன கதை அதற்குப் பதில் சொல்லும்.

ஈக்விஃபாக்ஸ், அமெரிக்காவில் மக்களின் கடன் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் பெரிய நிறுவனம். நம் ஊரில் லோன் கேட்டால் 'சிபில் ஸ்கோர்' பார்ப்பார்களே, அதே மாதிரியான வேலைதான்.

2017 மார்ச் 7. 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை இருப்பதாகவும், அதை அடைக்கும் அப்டேட் தயார் என்றும் அறிவிப்பு வந்தது. மறுநாளே அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு ஈக்விஃபாக்ஸையும் எச்சரித்தது. மார்ச் 9-ம் தேதி, நிறுவனத்துக்குள் 400-க்கும் மேற்பட்டோருக்கு மெயில் பறந்தது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது உத்தரவு.

இதுவரை எல்லாம் சரி. ஆனால், அந்த மெயில் பட்டியல் பழையது! வாடிக்கையாளர்கள் புகார் பதிவு செய்யும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடுவது தெரிந்த ஊழியரின் பெயர் அதில் இல்லை. பின்னர் நடத்திய ஸ்கேனிலும் ஓட்டை சிக்கவில்லை.

மே மாதம் உள்ளே புகுந்த ஹேக்கர்கள், 76 நாள்கள் சாவகாசமாக அள்ளினார்கள். காலாவதியாகிக் கிடந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான், ஜூலை 29-ல் விஷயமே தெரிந்தது. செப்டம்பர் 7-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே மாதம் தலைமை அதிகாரி பதவி விலகினார். 2019-ல் 70 கோடி டாலர் வரை தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

பணத்தைக் கொடுத்துவிடலாம். பாஸ்வேர்டு போனால்கூட மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

அறிவிப்பை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. எந்தக் கணினியில் எந்த மென்பொருள் இருக்கிறது, அதற்குப் பொறுப்பு யார் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் அன்றே பெயரும் மாற வேண்டும். 'முடித்துவிட்டேன்' என்ற பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததா என்று இன்னொருவர் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

உங்கள் அலுவலகத்தில், கடையில், பள்ளியில் அப்டேட் அறிவிப்புகள் யார் மெயிலுக்கு வருகின்றன? அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா? இன்றே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்!